குடிக்கு வைத்தியம் பத்து நிமிச தூரத்துல இருந்துச்சு, எனக்குத்தான் தெரியல

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில டர்னர். இருபது வருச வேலை, கை சுத்தமான ஆளு. அவரோட குடியை நிறுத்த 2020ல இருந்து 2023 வரைக்கும் நான் அலைஞ்ச அலைச்சல்ல 1,37,900 ரூபா போச்சு, 3 பவுன் செயின் அடகுல மூழ்கிருச்சு, அவருக்குப் போன சம்பள நாளையெல்லாம் நான் கணக்குலயே சேக்கல. கடைசியில ஒழுங்கான வைத்தியம் ஆரம்பிச்ச இடம் எங்க வீட்டுல இருந்து வண்டியில பத்து நிமிசம் போனா வர்ற ஆரம்ப சுகாதார நிலையம், பி.எச்.சி.ன்னு சொல்வோமே அது, என் பொண்ணுக்குத் தடுப்பூசி போட நான் நூறு தடவை போயிட்டு வந்த அதே கட்டடம். குடிக்கு அங்க வைத்தியம் கேக்கலாம்னு யாரும் எங்கிட்ட சொல்லல, எனக்கும் கேக்கத் தோணல. இப்ப தெருவுல எனக்குத் தெரிஞ்சே நாலு வீட்டுல இதே கதை ஓடுது, அந்தப் பொம்பளைங்க என்னைப் பாத்தா கண்ணைத் தாழ்த்திக்கிட்டுப் போறாங்க, நானும் அப்படித்தான் போய்ட்டிருந்தேன். அவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

கல்யாணமான புதுசுல சனிக்கிழமை சம்பளம் வாங்கினா மட்டும் ஒரு கட்டிங் போடுவாரு, அத நான் பெருசா எடுத்துக்கல, எங்கப்பாவும் அப்படித்தான். அப்புறம் அது தினமும் ஒரு குவார்ட்டர் ஆச்சு, 2019 வாக்குல ரெண்டு குவார்ட்டர். அளவு கூடினத விட எனக்குப் பயம் வந்தது வேற ஒண்ணுல. காலைல எந்திரிச்சா கை நடுங்கும், டம்ளர்ல காப்பி குடுத்தா ரெண்டு கையாலயும் புடிப்பாரு, அப்படியும் தளும்பும். பட்டறைக்குப் போய் வெர்னியர்ங்கிற அளவுக் கருவியைக் கையில எடுத்தா அளவு நிக்காதாம், அந்த நடுக்கம் நிக்கணும்னே முந்தின நாள் ராத்திரி பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் வெச்சு பரண்ல ஒளிச்சு வெச்சிருந்து காலைல ஊத்திக்கிட்டுப் போவாரு. நான் அத திமிருன்னு நெனச்சு சண்டை போட்டேன், பாட்டிலை எடுத்து சாக்கடையில ஊத்தினேன். காலைல குடிச்சாத்தான் உடம்பு நிக்குதுன்னா அது ஆசையைத் தாண்டி உடம்பே அதுக்கு அடிமையாயிருச்சுன்னு அர்த்தம், அந்த நிலைமையில பாட்டிலைப் புடுங்கினா உயிருக்கே ஆபத்துன்னு எனக்கு அப்ப யாரும் சொல்லித் தரல.

2020 மார்ச் மாசம் ஊரடங்கு போட்டு டாஸ்மாக்கை மூடினாங்க இல்லையா, நான் உள்ளுக்குள்ள சாமிக்கு நன்றி சொன்னேன். மறுநாள் பூரா வேர்த்து ஊத்துச்சு, வாந்தி, தூக்கமில்ல. அதுக்கடுத்த நாள் விடியக்காலம் பாத்ரூம் வாசல்ல விழுந்தாரு, கை கால் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நுரை, நாக்கைக் கடிச்சு ரத்தம். என் பொண்ணுக்கு அப்ப ஒம்பது வயசு, அவ பாத்துட்டா. அத்தை சாவிக்கொத்தைக் கொண்டாந்து கையில திணிச்சாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்து பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், தலைக்கு ஸ்கேன், ஈ.ஈ.ஜி., ரெண்டு நாள் ஐ.சி.யூ., 42,000 ரூபா பில்லு. அங்க ஒரு டாக்டர் கேட்டாரு, "பழக்கம் ஏதாச்சும் இருக்குங்களா?"ன்னு. பக்கத்துல அத்தை, பின்னாடி கார் கொண்டாந்த அண்ணன். நான் "எப்பவாச்சும் தானுங்க"ன்னு சொன்னேன். அந்த ஒரு பொய்க்கு நாங்க குடுத்த விலை கிட்டத்தட்ட மூணு வருசம். வலிப்பு நோய்னு எழுதி மாத்திரை குடுத்தாங்க, மாசம் 900 ரூபா, விட்டு விட்டு மொத்தம் 24 மாசத்துக்கு வாங்கினேன். கடை தொறந்ததும் அவரு மறுபடி குடிக்க ஆரம்பிச்சாரு, குடியோட மாத்திரையும் போட்டுட்டு எந்நேரமும் அரைத் தூக்கத்துல நடந்தாரு.

இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா ஆறு ஏழு மணி நேரத்துலயே நடுக்கமும் வேர்வையும் ஆரம்பிக்கும், வலிப்பு வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள வரும், ரெண்டாம் நாளுக்கு மேல நாலாம் நாள் வரைக்கும் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாதது கண்ணுக்குத் தெரியும், அதுல உயிர் போனவங்க இருக்காங்க. அதனால எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, காய்ச்சல், வயித்துவலி, கை ஒடஞ்சதுன்னு எதுக்குப் போனாலும் சரி, தினமும் எவ்வளவு, கடைசியா குடிச்சது எத்தனை மணிக்குங்கிற ரெண்டையும் டாக்டர் கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. சொந்தக்காரங்க முன்னாடி சொல்ல முடியலைன்னா ஒரு சீட்டுல எழுதி நர்ஸ் கையில குடுங்க. அப்புறம் நம்ம ஊர்ல களைப்பா இருந்தா "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு நாமளே கேப்போமே, நெறைய நாள் குடிச்ச உடம்புல தயமின்ங்கிற பி1 சத்து வத்திப் போயிருக்கும், அத முதல்ல குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா மூளையைப் பாதிக்கலாமாம். இத எனக்கு பின்னாடி ஒரு டாக்டரம்மா சொன்னப்போ, எங்க தெரு முனை கிளினிக்ல நான் கேட்டு ஏத்த வெச்ச குளுக்கோஸ் பாட்டிலெல்லாம் ஞாபகம் வந்து வயித்தைக் கலக்கிருச்சு.

2021ல இன்னொரு தப்பு. செல்போன்ல ஒரு விளம்பரம், குடிக்கிறவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க, நாப்பது நாள்ல குடியை வெறுத்துருவாருன்னு. 4,800 ரூபா கட்டி வாங்கினேன், பேர் ஒட்டாத டப்பாவுல வெள்ளைப் பொடி. தினம் ராத்திரி ரசத்துல அரை ஸ்பூன். அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, குடிச்சிட்டு வந்து உக்காந்தவரு முகம் செக்கச்செவேல்னு ஆகி, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து அப்படியே சரிஞ்சாரு. 108க்கு போன் பண்ணேன். பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரியில இறக்கினாங்க, பிரஷர் ஒரேயடியா இறங்கிருச்சு, ஒரு ராத்திரிக்கு 11,500 ரூபா. அந்த டூட்டி டாக்டர் கிட்ட மட்டும் அழுதுட்டே உண்மையச் சொன்னேன், அவரு டப்பாவைப் பாத்துட்டு, டைசல்ஃபிராம் மாதிரி ஏதாவது கலந்திருப்பாங்கம்மான்னாரு. அது உண்மையிலேயே குடிக்குக் குடுக்கிற மருந்துதானாம், ஆனா குடிக்கிறவருக்கு எல்லாம் வெளக்கிச் சொல்லி, அவரு சம்மதிச்சு, கடைசியா குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆனப்புறம்தான் ஆரம்பிக்கணும், மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும்கூட குடிச்சா அந்த விளைவு வரலாம். எனக்குத் தாலி நெலச்சது அதிர்ஷ்டம். ரொம்ப நாளைக்கு ரசம் வெக்கவே முடியல என்னால. தயவு செஞ்சு யாரும் தெரியாம எதையும் கலக்காதீங்க, அது எந்தப் பேர்ல வந்தாலும் சரி.

அந்த வருசம் கார்த்திகைக்கு அய்யப்பனுக்கு மாலை போட்டாரு. ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடல. மாலை போடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அவரா கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிருந்தாரு, அதனாலதான் அப்ப வலிப்பு வரலன்னு நெனைக்கிறேன். அந்த நாளெல்லாம் எங்க வீடு கோயிலு மாதிரி இருந்துச்சு, பொண்ணுக்கு அவரே கணக்கு சொல்லிக் குடுத்தாரு. மாலைய கழட்டின மூணாம் நாள் ராத்திரி பழைய ஆளா வந்து நின்னாரு. பக்தியில குத்தம் சொல்ல மாட்டேன், இவரால நிக்க முடியுங்கறத எனக்குக் காட்டினதே அந்த மண்டலம்தான், ஆனா அதுக்கப்புறம் என்னங்கிறதுக்கு எங்க கிட்ட ஒண்ணுமே இல்ல.

2022 ஆகஸ்ட்ல நான் பண்ணினத அவரு மன்னிச்சிட்டாரு, நான்தான் இன்னும் என்னை மன்னிக்கல. ஒரு மறுவாழ்வு மையம்னு சொன்னாங்க, ஊர் பேரு வேண்டாம். போன்ல பேசினவரு "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, நாங்களே வந்து கூட்டிக்குவோம்"னாரு. அட்வான்ஸ் 10,000, மாசம் 16,000, மூணு மாசத்துக்கு முன்கூட்டியே, மொத்தம் 58,000, அதுக்குத்தான் செயின் போச்சு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு வேன்ல நாலு பேர் வந்து தூக்கத்துல இருந்தவரைக் கையைக் காலைப் புடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. வேன் கதவு சாத்தறப்போ என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஒரு மாசம் பாக்க விடல, போன்ல பேசவும் விடல. 41ஆம் நாள் நான் ஒரே புடியா நின்னு உள்ள போனேன், ஒரு ஹால்ல முப்பது பேரு, ஜன்னலுக்கெல்லாம் தகரம், டாக்டர்னு ஒருத்தர் வாரத்துக்கு ஒரு தடவை வர்றதா சொன்னாங்க, எந்த மருந்துச் சீட்டும் காட்டல. இவரு முதுகுல தழும்பு. முதல் வாரம் இவருக்கு ரெண்டு தடவை இழுத்திருக்கு, நடிக்கிறான்னு தண்ணி ஊத்திருக்காங்க. அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டேன், பணம் ஒரு ரூபா திரும்பல. வர்ற வழியில பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி நேரா கடைக்குப் போனாரு, நான் தடுக்கல. தடுக்கற தகுதி எனக்கு இல்லன்னு தோணுச்சு.

எல்லா மையமும் அப்படின்னு நான் சொல்லல, நல்லா நடத்தறவங்க இருக்காங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்க வேண்டியது இதெல்லாம்தான்: மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணின சான்றிதழ் இருக்கா, டாக்டர் யாரு, என்னிக்கெல்லாம் வர்றாரு, முதல் வாரம் நடுக்கமும் வலிப்பும் வந்தா என்ன மருந்து குடுப்பீங்க, நான் வந்து பாக்கலாமா. 2017ல வந்த மனநல பராமரிப்புச் சட்டத்துல குடி, போதை வைத்தியமும் சேந்துதான் வருது, சங்கிலி போட்டுக் கட்டறதெல்லாம் அதுல சுத்தமா தடை. இந்தக் கேள்விக்கெல்லாம் கோவப்படற மையத்துக்கு அனுப்பாதீங்க. வேன் அனுப்பித் தூக்கிக்கறோம்னு சொன்னா போனை வெச்சிருங்க.

விசயம் மாறினது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. அத்தைக்கு சுகரும் பிரஷரும் இருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஒரு தங்கச்சி மாசா மாசம் வீட்டுக்கே வந்து பிரஷர் பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போகும். 2023 பிப்ரவரி, அவரு அன்னிக்கு வேலைக்குப் போகல, திண்ணையில உக்காந்திருந்தாரு. அந்தப் பொண்ணு அத்தைக்குப் பட்டையக் கட்டிட்டே அவரு கையப் பாத்துட்டு, "அண்ணா, உங்களுக்கும் ஒருக்கா பாத்தர்றேன் கையக் குடுங்க"ன்னுச்சு. 170க்கு மேல. வாசல்ல செருப்பு போடறப்போ எங்கிட்ட மெதுவா, "அக்கா, கை இப்படி நடுங்குதே, குடிக்கிறாருங்களா? நம்ம பி.எச்.சி. டாக்டரம்மா இதுக்கும் பாக்கறாங்க, திட்ட மாட்டாங்க, கூட்டிட்டு வாங்க"ன்னுச்சு. திட்ட மாட்டாங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னதுதான் என்னை இழுத்துச்சு. பிரஷருக்குக் காட்டலாம் வாங்கன்னு அவரைக் கூப்பிட்டேன், வந்தாரு. குடிக்கு வாங்கன்னு கூப்பிட்டிருந்தா செத்தாலும் வந்திருக்க மாட்டாரு. இதுவும் ஒரு வழிதான், பிரஷர், வயித்தெரிச்சல், தூக்கமில்லாதது, இப்படி அவங்களுக்கே தொந்தரவா இருக்கற ஏதாவது ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போங்க, மீதிய டாக்டர் பாத்துக்குவாங்க.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயசு இருந்தா அதிகம். கூட்டம் கொறையட்டும்னு பன்னெண்டு மணி வரைக்கும் உக்கார வெச்சாங்க. அப்புறம் ஒரு தாளை எடுத்து பத்து கேள்வி, ஆடிட்னு பேரு, உலக சுகாதார நிறுவனம் போட்டதாம். எத்தனை நாளைக்கு ஒருக்கா குடிக்கிறீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஆரம்பிச்சா நிறுத்த முடியாம போனதுண்டா, காலைல எந்திரிச்சதும் குடிச்சாத்தான் ஆகும்னு இருக்கா, இந்த மாதிரி. "அண்ணா, குவார்ட்டர் கணக்குலயே சொல்லுங்க, நான் மாத்திக்கிறேன்"னாங்க. 30 மில்லி பிராந்தி ஒரு அளவு, அப்ப 180 மில்லி குவார்ட்டர் ஆறு அளவு, இவரு ஒரு நாளைக்கு பன்னெண்டு. வேலைக்குப் போகாத நாள்ல அதுக்கும் மேல. மொத்தம் 40க்கு இவரு 29. 8 தாண்டினாலே கவனிக்கணுமாம், 20க்கு மேல போனா அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நம்பரை அவரு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. அளவு எடுத்துப் பழகின ஆளு இல்லையா, பத்து வருசமா நான் அழுதது ஏறல, 29ங்கிற எண்ணு ஏறிருச்சு.

அப்புறம் அவரை வெளிய உக்கார சொல்லிட்டு எங்கிட்ட தனியா கேட்டாங்க, அடிக்கிறாரா, புள்ளைக்கு ஏதாவது பயம் இருக்கா, நீங்க தூங்கறீங்களான்னு. அடிச்சதில்ல, பொருளைத் தூக்கி எறிவாரு. நான் தூங்கறேனான்னு கேட்ட முதல் ஆள் அவங்கதான், அங்கயே ஒடஞ்சு போயிட்டேன். அடி வாங்கறவங்க 181ங்கிற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்னும் சொன்னாங்க. நான் வலிப்பு கதை, பொடி கதை, வேன் கதை எல்லாத்தையும் கொட்டினேன். முன்னாடி வந்த வலிப்பு எல்லாமே குடிய நிறுத்தினப்போ மட்டும்தான் வந்திருக்குன்னு அவங்கதான் தேதிய வரிசையா எழுதிக் காட்டினாங்க. அது வலிப்பு நோயாவே இல்லாம இருக்கலாம், ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்திறாதீங்க, நரம்பு டாக்டர் பாத்து மெதுவாத்தான் கொறைக்கணும்னாங்க. பின்னாடி அரசு ஆஸ்பத்திரியில பாத்து பல மாசம் எடுத்துக் கொறச்சு நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் ஒரு தடவை கூட இழுக்கல.

எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில படுக்க வேண்டிய அவசியம் இல்லையாம். வலிப்பு வந்த சரித்திரம் இல்லாம, ஈரலோ இதயமோ பெருசா கெடாம, வீட்டுல கூட இருந்து பாத்துக்க ஒரு ஆள் இருந்தா, சின்ன ஆஸ்பத்திரியிலயே தினமும் வந்து காட்டி அஞ்சு ஏழு நாள்ல மாத்திரை கொறச்சுக் கொறச்சு நிறுத்திரலாம். அதுலயும் அந்த மாத்திரை எல்லாம் டாக்டர் அளந்து குடுக்கறது, மெடிக்கல்ல நாமளா கேட்டு வாங்கிப் போட்டா அதுவே இன்னொரு அடிமைத்தனம் ஆயிரும், கூடவே குடிச்சா மூச்சே அடங்கிரும். இவரளவுக்கு அடிமையாகாதவங்களுக்கு மருந்தே தேவைப்படாம உக்காந்து பேசறதுலயே கொறையுது. கோவாவுல பத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல, டாக்டருக்குப் படிக்காத சாதாரண ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்து, அதிகமா குடிக்கிற ஆம்பளைங்க கிட்ட நாலு தடவைக்குள்ள பேச வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2017ல லான்செட்ங்கிற பெரிய மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, மூணு மாசத்துல பேச்சு கெடைச்சவங்கள்ல 36 சதவீதம் பேரு ஆபத்தில்லாத அளவுக்கு வந்துட்டாங்க, கெடைக்காதவங்கள்ல 26 சதவீதம். சின்ன வித்தியாசம்னு தோணலாம், நூத்துல பத்து குடும்பம்னு நெனச்சுப் பாருங்க.

இவருக்கு வலிப்பு வந்திருந்ததால அன்னிக்கே கடிதம் எழுதி அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. போற வரைக்கும் ஒரேயடியா நிறுத்திறாதீங்கன்னு அவங்களே சொன்னாங்க, அதக் கேட்டு எனக்கே அதிர்ச்சி. "ஒரு ஸ்பிரிங்கை வருசக்கணக்கா அமுத்தி வெச்சிருக்கீங்கண்ணா, பட்டுனு கைய எடுத்தா எகிறி அடிக்கும், மெதுவா எடுக்கணும், அதுக்குத்தான் மாத்திரை." பட்டறைக்காரருக்கு இத விட வேற எப்படிச் சொல்ல முடியும்.

எட்டு நாள் படுத்திருந்தாரு. தயமின் ஊசி, ஈரல் கொஞ்சம் வீங்கினதால அதுக்கு ஏத்த மாதிரி லோரசிபாம்ங்கிற நடுக்கத்தை அடக்கற மருந்து. மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பாக்கறேன், கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துட்டு ஏதோ சுத்தறாரு. இடது கை ஒரு சக்கரத்தைச் சுத்துது, வலது கை ஒரு கைப்புடிய மெதுவா தள்ளுது, நிறுத்தறாரு, குனிஞ்சு ஊதறாரு, சுருள் தூசியத் தட்டி விடற மாதிரி, ரெண்டு வெரலை விரிச்சு காத்துல அளவெடுத்துட்டு "இன்னும் அரை எம்.எம். இருக்கு"ங்கறாரு. லேத் ஓட்டிட்டிருக்காரு. என்னை யாருன்னே தெரியல. நர்ஸ் அக்கா ஓடி வந்து டாக்டரைக் கூப்பிட்டு மருந்தைக் கூட்டினாங்க, லைட்டை அணைக்க வேண்டாம், அவரு கிட்ட பேரு, எடம், மணி சொல்லிட்டே இருங்கன்னாங்க. நான் விடிய விடிய சொல்லிட்டே இருந்தேன். மறுநாள் சாயங்காலம் என் பேரைச் சொன்னாரு. இது வீட்டுலயோ அந்தத் தகரம் அடிச்ச ஹால்லயோ நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் ராத்திரி நெனப்பு வரும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன், அப்பத்தான் ஆரம்பம்னு பி.எச்.சி. டாக்டரம்மா சொன்னாங்க. உடம்புல இருந்து சாராயம் வெளியேறது ஒரு வாரம், குடிக்கணும்ங்கற ஏக்கம் மாசக்கணக்கு. பெரிய ஆஸ்பத்திரி மனநல டாக்டர் நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாரு, தினம் ஒண்ணு. குடிச்சாலும் அந்தப் பழைய சொகம் கெடைக்காது, ஏக்கமும் கொறையும், அந்தப் பொடி மாதிரி குடிச்சதும் ஆளைச் சாய்க்காது. ஈரல் டெஸ்ட் பாத்துட்டு ஆரம்பிச்சாங்க, நடுவுல நடுவுல மறுபடி பாத்தாங்க. ஈரல் ரொம்ப கெட்டவங்களுக்கு இது ஒத்து வராதாம், வேற மருந்து இருக்கு, அகாம்ப்ரோசேட்டுக்கு கிட்னி நல்லா இருக்கணும், பேக்லோஃபென்னு ஒண்ணு ஈரல் பாதிச்சவங்களுக்குக் குடுக்கறாங்க. நால்ட்ரெக்சோன் போடறப்போ டிரமடால் மாதிரி வலி மருந்து, கோடீன் இருக்கற இருமல் மருந்து எடுக்கக் கூடாது, பல்லு புடுங்கப் போனாக் கூட சொல்லிரணும். ஆஸ்பத்திரியில இலவசம்தான், சில மாசம் ஸ்டாக் இல்லாம வெளிய வாங்கினோம், கொஞ்சம் வெல கூடத்தான், ஆனா தினம் ரெண்டு குவார்ட்டருக்குப் போன காசுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பி.எச்.சி., அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. மாவட்ட மனநலத் திட்டத்துல ஒரு டாக்டரும் கவுன்சிலரும் குறிப்பிட்ட நாள்ல தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க, உங்க ஊர்ல என்னிக்குன்னு பி.எச்.சி.யில கேட்டா சொல்லுவாங்க. அந்தக் கவுன்சிலர் இவரை ஒரு நோட்டுல எழுதச் சொன்னாரு, எந்த நேரம் குடிக்கத் தோணுதுன்னு. ரெண்டு வாரம் எழுதினதுல சாயங்காலம் ஆறரை, சனிக்கிழமை, பசி, இந்த மூணும் திரும்பத் திரும்ப வந்துச்சு. அதுக்கு ஏத்த மாதிரி மாத்தினோம். சம்பளம் கையில வராம என் அக்கவுண்ட்டுக்கு, அது அவரே முதலாளி கிட்ட பேசி மாத்தினது. அஞ்சு மணிக்கு பட்டறையிலயே வயிறு நெறைய சாப்பிட நான் டப்பா கட்டிக் குடுக்கறேன், பச்சைப்பயறு சுண்டலோ ரெண்டு இட்லியோ. கடை இருக்கற ரோட்டை விட்டு ரயில்வே கேட் வழியா ரெண்டு கிலோமீட்டர் சுத்தி வர்றாரு.

அப்படியும் ரெண்டு தடவை சறுக்கினாரு. 2023 ஜூன்ல மச்சான் வீட்டு காதுகுத்துல மூணு நாள். நான் எல்லாம் போச்சுன்னு அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டேன், போற வழியில பி.எச்.சி. வாசல்ல வண்டி தானா நின்னுச்சு. டாக்டரம்மா "அவரை இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, நாலு மாசம் குடிக்காத உடம்பு இன்னும் நம்ம கையிலதான் இருக்கு"ன்னாங்க. வந்தவரு தலைய நிமிரவே இல்ல. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, "மாத்திரைய என்னிக்குண்ணா நிறுத்தினீங்க?" காதுகுத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திருக்காரு. அதுல இருந்து காலைல காப்பியோட என் கையால குடுக்கறது, அவரு முன்னாடியே, அவரு சம்மதத்தோட. ரெண்டாவது 2024 பொங்கல், ஒரே நாள், அடுத்த நாள் அவரே கெளம்பி பி.எச்.சி.க்குப் போயிட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு. சறுக்கினா மறைக்காம ஒரே நாள்ல டாக்டர் முன்னாடி போய் நின்னா தப்பிச்சுக்கலாம், மறைச்ச ஒவ்வொரு நாளும் வட்டி மாதிரி ஏறுது.

எனக்கும் வைத்தியம் வேண்டியிருந்துச்சு. அவரு குடிக்காத நாள்லயும் ஆறரை மணிக்கு என் நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாயைத் தெரியாம மோந்து பாப்பேன், அவருக்கு அது தெரிஞ்சு மனசு ஒடஞ்சுது. ஒரு ராத்திரி 14416க்கு, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், போன் பண்ணேன், தமிழ்லயே ஒரு பொண்ணு முக்கால் மணி நேரம் கேட்டுச்சு, காசு கிடையாது. போதை, குடிக்குன்னே 14446னு ஒரு இலவச எண்ணும் இருக்கு. குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னு அல்-அனான் கூட்டம் நடக்குது, நான் மாசம் ரெண்டு தடவை போறேன், அங்க யாரும் புத்தி சொல்றதில்ல, அதுவே எனக்குப் போதும். குடிய விட நெனைக்கிறவங்களே கூடிப் பேசற ஏ.ஏ. கூட்டத்துக்கு இவரு மூணு தடவை போயிட்டு ஒத்து வரலன்னாரு, டாக்டரம்மா பரவாயில்லன்னுட்டாங்க.

இப்ப பி.எச்.சி.க்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா. நால்ட்ரெக்சோனை போன வருசமே டாக்டர் சொல்லி நிறுத்தியாச்சு, பிரஷர் மாத்திரை மட்டும் ஓடுது. போன வாரம் பட்டறைக்கு மதிய சாப்பாடு கொண்டு போனேன், புதுசா சேந்த பையனுக்கு வெர்னியர் புடிக்கச் சொல்லித் தந்துட்டிருந்தாரு. "மூச்சை விட்டுட்டு அளவைப் பாரு சாமி"ன்னு சொல்லி அவன் கைக்குக் கீழ தன் கைய வெச்சிருந்தாரு. நான் வாசல்லயே நின்னுட்டேன். அடுத்த செக்கப் 14ஆம் தேதி, அத்தையோட மாத்திரைச் சீட்டும் இவரோட சீட்டும் ஒரே கவர்ல வெச்சிருக்கேன்.